குரூண் தே தாரிக்கும் மூன்றாவது மாதப் படமும்

 தினமும் மைக் முன்னால் உட்காருகிறவன் நான்.

இந்த வாரம் ஒரு தே தாரிக் கதையோடு தொடங்குகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதியில் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார், அக்கா இருக்கிறார், அத்தை இருக்கிறார் என்றால் இது உங்களுக்கும் உரிய கதைதான்.

சென்ற ஆண்டு ஒரு நாள், விடியற்காலை நாலரை மணி. ஜித்ராவிலிருந்து பினாங்குக்குக் கிளம்பினோம். வண்டி ஓட்டியது நான். பக்கத்தில் அத்தை, பின்னால் அம்மா. அத்தைக்குக் காலையில் பெட் ஸ்கேன். குரூண் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினேன். ஜெராய் மலைப் பக்கம் இன்னும் இருட்டு. முதல் நாள் இரவிலிருந்து வெறும் வயிற்றோடு இருக்கும் அத்தையைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. "சாப்பிடத்தானே கூடாதுன்னு சொன்னாங்க? ஒரு தே தாரிக் குடிச்சா என்ன ஆயிடப் போகுது?" என்று நானே வாங்கிக் கொடுத்தேன். அத்தையும் குளிருக்கு இதமாகக் குடித்து முடித்தார்.

மருத்துவமனையில் முதல் வேலையாக விரல் நுனியைக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். 14 காட்டியது. அத்தைக்கு ஏற்கெனவே இனிப்புநீர் உண்டு. "என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று தாதி கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கு ஸ்கேன் இல்லை. அடுத்த தேதி இரண்டு வாரம் கழித்து. போக வர இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம், அம்மாவின் ஒரு நாள் விடுப்பு, எல்லாம் ஒரு கோப்பை தே தாரிக்கில் கரைந்து போயின.

ஒரு டம்ளர் தேநீருக்கும் அந்த இயந்திரத்துக்கும் என்ன பகை? அன்று அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் போன இடத்தில் வேறொன்றும் தெரிய வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். அத்தையிடம் கேட்டுவிட்டேன். "எழுது. பேர மட்டும் போடாத" என்றார்.

"எல்லாம் முடிஞ்சிருச்சு!"

அத்தை பீடோங் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பதினாறு வயதில் பால்வெட்டுக்குப் போனார். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு ஜித்ராவுக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்த்தார். மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன பிறகு லேசாக ரத்தம் பட்டிருக்கிறது. அதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், "அத எப்படிப்பா வாயத் தொறந்து சொல்றது?" என்கிறார். சொன்னபோது அது கருப்பை வாய்ப் புற்றுநோய். இடுப்புக்குள் இருக்கும் நிணநீர்க் கட்டிகள் வரை போயிருந்தது.

அந்த நிலையில் பொதுவாக அறுவை சிகிச்சை செய்வதில்லை. வெளியிலிருந்து கதிர்வீச்சு, வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரத்துக்கும் மேல். கூடவே வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்து. பிறகு கருப்பை வாய்க்கு உள்ளேயே குழாய் வைத்துத் தரும் உள்கதிர் சிகிச்சை. கதிரும் மருந்தும் சேர்ந்தால் தனிக் கதிரைவிட நல்ல பலன் என்று ஐந்து ஆய்வுகள் காட்டியதால், 1999-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் மருத்துவர்களுக்கு அவசர அறிவிப்பே அனுப்பியது. இன்று உலகம் முழுக்க இதுதான் நடைமுறை.

அத்தை பட்டர்வொர்த்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி எல்லாவற்றையும் முடித்தார். ரத்தம் நின்றது. சாப்பாடு இறங்கியது. கோயிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் பாயாசம். வாட்ஸ்அப் குழுவில் நான்தான் போட்டேன்: "எல்லாம் முடிஞ்சிருச்சு!"

மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுக்க வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது அத்தைக்குப் போக மனசே இல்லை. "அதான் நல்லாயிட்டேனே, இன்னும் எதுக்கு?" என்றார். எங்களில் பாதிப் பேர் அவர் பக்கம். அந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

சர்க்கரையைத் தேடும் படம்

1920-களில் பெர்லினில் ஆட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி ஒன்றைக் கவனித்தார். புற்றுநோய்ச் செல்கள் சாதாரணச் செல்களைவிடப் பல மடங்கு வேகமாகச் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. பெட் ஸ்கேனின் அடிப்படை அதுதான்.

நோயாளிக்கு ஊசி வழியே ஒரு வகைக் குளுக்கோஸ் கொடுப்பார்கள். அதில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டப்பட்டிருக்கும். செல்கள் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுக்கும். ஆனால் முழுதாகச் செரிக்க முடியாது; அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எங்கே அதிகம் மாட்டியிருக்கிறதோ அந்த இடம் படத்தில் மின்னும். உடலின் வடிவத்தைக் காட்டும் சிடி படத்தோடு சேர்த்து எடுப்பதால் மின்னுவது எந்த உறுப்பு என்றும் தெரியும்.

இந்தக் குளுக்கோஸை மனிதருக்கு முதன்முதலில் ஊசி போட்டுப் பார்த்தது 1976 ஆகஸ்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். மருந்து தயாரானது நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில். அங்கிருந்து விமானத்தில் பறந்து வந்தது. காரணம், ஃபுளோரின்-18-இன் ஆயுள். 110 நிமிடத்துக்கு ஒரு முறை அதன் வீரியம் பாதியாகிவிடும். காலையில் செய்து மாலையில் போடலாம் என்று வைத்திருக்க முடியாது. நமக்குக் கொடுத்த நேரத்தைத் தவறவிட்டால், "ஒரு மணி நேரம் கழிச்சு வரோமே" என்று சொல்லிப் பயனில்லாமல் போவதும் இதனால்தான். இந்த இயந்திரம் ஊருக்கு ஊர் இல்லாததற்கும் இது ஒரு காரணம். ஜித்ராக்காரர்களுக்குப் பினாங்குதான் கிட்ட.

இப்போது தே தாரிக்குக்கு வருவோம். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைந்திருந்தால் செல்கள் அதையே எடுத்துக்கொள்ளும். ஊசிக் குளுக்கோஸுக்கு இடமிருக்காது. நோய் இருந்தும் படத்தில் மங்கலாகத் தெரியலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்குப் பல மையங்கள் 11-க்கு மேல் இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுவது இதற்காகத்தான். அன்று எங்களைத் திருப்பி அனுப்பியதற்கு நான் உள்ளுக்குள் முணுமுணுத்தேன். உண்மையில் அவர்கள் எங்களை ஒரு பொய்ப் படத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஊசி போட்ட பிறகு சுமார் ஒரு மணி நேரம் அசையாமல் அமைதியாக இருக்க வேண்டும். வேலை செய்கிற தசை சர்க்கரையை எடுக்கும்; அதுவும் மின்னும். பேசினால் தொண்டைத் தசைகூட மின்னுமாம். என்னைப் போன்ற ஆளை அங்கே உட்காரவைத்தால் என்ன படம் வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்! இன்னொன்று, இந்தக் குளுக்கோஸ் சிறுநீரில்தான் வெளியேறும். சிறுநீர்ப்பைக்குப் பக்கத்திலேயே கருப்பை வாய் இருக்கிறது. பை நிறைந்திருந்தால் அதன் வெளிச்சம் பக்கத்தில் இருப்பதை மறைத்துவிடும். படுக்கைக்குப் போகும் முன் சிறுநீர் கழிக்கச் சொல்வது அதற்காக.

பச்சைப் பட்டையும் பால் வராத மரமும்

"சாதாரண ஸ்கேன்ல தெரியாததா இதுல தெரியும்?" என்று அம்மா கேட்டார். பதில் சொன்னது நானல்ல, அத்தை. நான் விளக்கியதைக் கேட்டுக்கொண்டே வந்தவர், "பால்மரம் மாதிரிதானே?" என்றார்.

பால்வெட்டு செய்தவர்களுக்குத் தெரியும். சில மரம் பார்க்க ஜம்மென்று இருக்கும். இலை பச்சை, பட்டை நல்ல பட்டை. கத்தி வைத்தால் ஒரு சொட்டுப் பால் வராது. வடிவத்தைப் பார்த்து அந்த மரத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கோப்பையைப் பார்த்தால்தான் தெரியும்.

கதிர்வீச்சு முடிந்த உடம்பும் அப்படித்தான், தலைகீழாக. கட்டி இருந்த இடத்தில் தடிப்பு இருக்கும். சிடி படத்தில் அது ஏதோ இருப்பதாகத் தெரியும். ஆனால் அது உயிருள்ள நோயா, செத்துப்போன வடுவா? வடிவத்தைப் பார்த்துச் சொல்வது கடினம். சர்க்கரை இழுக்கிறதா என்று பார்த்தால் தெரியும். சிடி மரத்தின் பட்டையைப் பார்க்கிறது, பெட் கோப்பையைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியென்றால் சிகிச்சை முடிந்த மறுநாளே எடுத்துவிடலாமே, மூன்று மாதம் எதற்கு? எங்கள் குடும்பத்தில் பெரிய சண்டையே இதில்தான். ஜொகூரில் இருக்கும் அத்தை மகன், "உடனே தனியார்ல எடுத்துடுவோம், காசு நான் தரேன்" என்று துடித்தான். ஆனால் கதிர் பட்ட திசு வெந்து புண்ணாகி ஆறிக்கொண்டிருக்கும் காலம் அது. புண்ணை ஆற்ற வரும் செல்களும் சர்க்கரையை ஆவலாக எடுக்கும். நோயே இல்லாத இடம் நோய் மாதிரி மின்னும். அவசரப்பட்டு எடுத்தால் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து வீண் பயத்தை வாங்கியதாகிவிடும். அதே சமயம் ரொம்பத் தள்ளிப்போட்டாலும், மிச்சம் இருக்கும் நோய்க்கு நாமே நேரம் கொடுத்தது போலாகும். இரண்டுக்கும் நடுவில் விழுவதுதான் அந்த மூன்று மாதம்.

92 பெண்களின் கணக்கு

அந்தப் படத்தால் வருங்காலத்தைச் சொல்ல முடியுமா? ஓரளவு முடியும் என்று தெளிவாகக் காட்டியது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர், வாஷிங்டன் பல்கலைக்கழகம். பெட் இயந்திரமே 1970-களில் உருவான இடங்களில் அது முக்கியமானது. அங்கே ஜூலி ஷ்வார்ஸ், பெரி கிரிக்ஸ்பி ஆகியோரின் குழு கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரும் மருந்தும் எடுத்த 92 பெண்களைச் சிகிச்சை முடிந்து சுமார் மூன்று மாதத்தில் படம் எடுத்து, பிறகு தொடர்ந்து கவனித்தது. முடிவு 2007 நவம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது.

92 பேரில் 65 பேருக்குப் படத்தில் எந்த மின்னலும் இல்லை. 15 பேருக்குப் பழைய இடத்திலேயே கொஞ்சம் மிச்சம் இருந்தது. 12 பேருக்குப் புதிய இடங்களில் மின்னியது.

மூன்று ஆண்டு கழித்து நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் எத்தனை பேர்? முதல் குழுவில் 78 விழுக்காடு. இரண்டாவது குழுவில் 33 விழுக்காடு. மூன்றாவது குழுவில் ஒருவரும் இல்லை.

சிகிச்சை முடிந்தபோது இந்த 92 பேரின் வீட்டிலும் யாரோ ஒருவர் "எல்லாம் முடிஞ்சிருச்சு" என்று சொல்லியிருப்பார்கள். மூன்று மாதத்தில் எடுத்த ஒரு படம் அவர்களை மூன்று பாதையாகப் பிரித்துக் காட்டிவிட்டது.

இந்த எண்களைப் படித்துவிட்டு யாரும் பயந்து உட்கார்ந்துவிடக் கூடாது. மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள்.

முதலாவது, 78 என்பது 100 அல்ல. படம் சுத்தமாக வந்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் நோய் திரும்பியிருக்கிறது. "ஸ்கேன் கிளியர், இனிமே ஆஸ்பத்திரி பக்கமே போக வேணாம்" என்பது தப்பு. சொன்ன தேதிக்கெல்லாம் பரிசோதனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, 33 என்பது பூஜ்யமும் அல்ல. மிச்சம் மின்னியவர்களில் மூன்றில் ஒருவர் மூன்று ஆண்டு தாண்டியும் நன்றாக இருந்திருக்கிறார். மின்னுவதெல்லாம் நோய் என்று படம் மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை. கையால் பரிசோதிப்பார்கள், தேவைப்பட்டால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள், சில வாரம் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள்.

மூன்றாவது, இது ஒரு மருத்துவமனையில் 92 பேரை வைத்துப் போட்ட கணக்கு. ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லும். உங்கள் அம்மாவைப் பற்றி, என் அத்தையைப் பற்றித் தனியாகச் சொல்லாது. அதோடு 2007-க்குப் பிறகு மருந்துகளும் மாறியிருக்கின்றன.

தெரிந்து என்ன செய்ய?

"கெட்ட சேதி வரும்னா எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான்தான்.

தெரிந்தால் செய்ய வேலை இருக்கிறது என்பதுதான் பதில். நோய் கருப்பை வாயிலேயே கொஞ்சம் மிச்சம் இருந்து வேறெங்கும் பரவவில்லை என்றால், சிலருக்குப் பெரிய அறுவை சிகிச்சை செய்து முழுதாக எடுக்க முடியும். உடம்பு தாங்குமா, வெளியே எங்கும் இல்லையா என்று உறுதி செய்துகொண்டுதான் அதில் இறங்குவார்கள். அதற்கும் இந்தப் படமே வழிகாட்டி. பரவியிருந்தால் மருந்துகள். கீமோவோடு பெவாசிசுமாப் சேர்த்தால் கூடுதல் காலம் கிடைக்கிறது என்று 2014-இல் தெரிந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் பெம்ப்ரோலிசுமாப் சேர்ப்பதும் ஆயுளை நீட்டுகிறது என்று 2021-இல் வெளிவந்தது. இவை விலை கூடியவை. எல்லாருக்கும் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் நோய் சிறிதாக இருக்கும்போது கேட்பதற்கும், வலி வந்து கால் வீங்கிய பிறகு கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஒன்றும் செய்ய முடியாத நிலை என்றாலும்கூட, அந்த மனுஷிக்குத் தன் நாட்களைத் தானே திட்டமிடும் உரிமை இருக்கிறது. பேரன் கல்யாணத்தை முன்னால் தள்ளலாம். பத்து வருஷமாகப் பேசாத தங்கையிடம் பேசலாம். அவர் பேருக்கு இருக்கும் வீட்டுப் பத்திரத்தை எழுதிவைக்கலாம். இதை நாம் மறைத்தால் அந்த நாட்களை நாமே எடுத்துக்கொண்டதாகிறது.

இதை இவ்வளவு தெளிவாக இப்போது எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு நான் செய்தது வேறு.

கதவுக்கு வெளியே

இரண்டாவது முறை தே தாரிக் இல்லாமல் போய்ப் படம் எடுத்து வந்தோம். முடிவு சொல்லும் நாள் வந்தது. முதல் நாள் இரவு ஜொகூரிலிருந்து போன். "மச்சான், என்னா வந்தாலும் அம்மாகிட்ட சொல்லாதடா. தாங்க மாட்டாங்க. டாக்டர்கிட்ட நீ முதல்ல பேசிரு." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அத்தையிடம் நாங்கள் ஆரம்பத்திலிருந்தே, "சும்மா செக்கப், அத்தே" என்றுதான் சொல்லி வந்தோம்.

அத்தை கழிவறைக்குப் போன நேரம் பார்த்து, தாதியிடம் போய் மெதுவாகச் சொன்னேன். அவர் உள்ளே அனுப்பினார். டாக்டர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு தன்மையாகவே சொன்னார்: "இது அவங்க உடம்பு. அவங்க ரிப்போர்ட். அவங்களக் கூட்டிட்டு வாங்க, சேர்ந்தே பேசலாம்."

வெளியே வந்தேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார். "சும்மா செக்கப்புக்கு யாராச்சும் காலையில நாலு மணிக்கு எழுப்புவாங்களா? வா போலாம்" என்றார்.

நிணநீர்க் கட்டிகளில் முன்பு இருந்த மின்னல் மறைந்துவிட்டது. கருப்பை வாயில் மட்டும் லேசாக ஒரு வெளிச்சம் மிச்சம். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தினமும் ஆயிரக்கணக்கான பேரிடம் பேசுகிறவனுக்கு ஒரு கேள்வி வரவில்லை. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு கேட்டார்: "டாக்டர், இது உசிரோட இருக்கா, இல்ல ஆறுற புண்ணா?"

டாக்டர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். "அதத்தான்மா நாமளும் கண்டுபிடிக்கணும்" என்றார். சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்போம், பிறகு மறுபடி படம் என்று விளக்கினார். அத்தை, "வலிக்குமா? எப்ப தெரியும்? கெட்டதா இருந்தா அடுத்தது என்னா?" என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் இத்தனை பேர் படித்திருந்தும் இத்தனை மாதத்தில் கேட்காத கேள்விகள் அவை.

திரும்பும் வழியில் சுங்கைப் பட்டாணி தாண்டும் வரை யாரும் பேசவில்லை. பிறகு அத்தை சொன்னார்: "எட்டு மாசம் நான் வாயத் தொறக்கல. அது என் தப்பு. அதுக்கப்புறம் நீங்க வாயத் தொறக்கல. அது உங்க தப்பு. போதும் இனிமே."

சதைத் துணுக்கில் நோய் இல்லை என்று வந்தது. மறுபடி படம் அடுத்த மாதம். கடிதம் இப்போது அத்தையின் கைப்பையில் இருக்கிறது. தேதியைச் சமையலறை நாள்காட்டியில் அவரே சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார்.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "எனக்கு அடுத்த பரிசோதனை எப்போது, எந்த ஸ்கேன்?" எல்லாருக்கும் பெட் தேவைப்படாது, சிலருக்கு எம்ஆர்ஐ போதும் என்பார்கள். அதை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் கேள்வியை நாம் கேட்க வேண்டும்.

பெட் என்றால், சொன்ன நேரத்திலிருந்து தண்ணீர் மட்டும். தே, கோப்பி, மைலோ, மிட்டாய், சூயிங் கம் எதுவும் வேண்டாம். முதல் நாள் கடும் வேலை, நீண்ட நடை வேண்டாம். இனிப்புநீர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் எப்போது எடுக்கலாம் என்பதை முன்கூட்டியே அந்த மையத்தில் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்கேன் முடிந்த சில மணி நேரம் கர்ப்பிணிகளிடமிருந்தும் கைக்குழந்தைகளிடமிருந்தும் தள்ளி இருக்கச் சொல்வார்கள்.

"புற்றுநோய் சர்க்கரை தின்னும், அதனால் சோற்றை நிறுத்து" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இந்த ஸ்கேனையே அதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். நம்பாதீர்கள். நாம் சோறு சாப்பிடாவிட்டாலும் உடம்பு தானே குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விடும். சோற்றை நிறுத்தினால் நோய் பட்டினி கிடக்காது; நோயாளிதான் மெலிவார். இனிப்புநீரைக் கட்டுப்பாட்டில் வைப்பது வேறு, பட்டினி கிடப்பது வேறு.

பண உதவி வேண்டுமென்றால் கூச்சப்படாதீர்கள். 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு ஊக்கத்தொகையும், அரசு மருத்துவமனைக்குப் போக வரப் போக்குவரத்துச் செலவும் அறிவித்தார்கள். அரசு மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள்.

இந்தப் படமே தேவைப்படாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விட நல்லது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எப்போதும் காரணம் எச்பிவி என்ற கிருமி. நம் நாட்டில் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே இதற்கான தடுப்பூசி 2010-இல் தொடங்கியது. பெண்களுக்குப் பரிசோதனையும் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய அமைப்பு ஒன்றும் சேர்ந்து 2018-இல் தொடங்கிய ரோஸ் திட்டத்தில் பெண்கள் தாங்களே பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். முடிவு கைப்பேசிக்கு வரும். யார் முன்னாலும் கூச்சப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் வெறும் வினிகர் தடவிப் பார்க்கும் எளிய சோதனையாலேயே இந்நோய் மரணத்தை 35 விழுக்காடு குறைத்துக் காட்டினார்கள். அந்த ஆய்வும் அதே 2007-இல்தான் வெளிவந்தது. திண்டுக்கல் கிராமத்துப் பெண்களால் முடிந்தது ஜித்ராப் பெண்களால் முடியாதா?

இந்த வாரம் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ கேளுங்கள்: "எப்பக் கடைசியா செக் பண்ணீங்க?" ஆண்பிள்ளை இதைக் கேட்கலாமா என்று யோசிக்காதீர்கள். நான் கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை. "இப்பவாவது கேட்டியே" என்று தலையில் ஒரு குட்டுத்தான் கிடைத்தது.

அடுத்த மாதம் மறுபடி குரூண் வழியாகத்தான் போகிறோம். நிறுத்த மாட்டேன். தே தாரிக் திரும்பி வரும்போது. காசு அத்தை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் சந்திப்போம்.